தோற்ற வழக்குகளால் வாழ்கிறவர்



சட்டம் படிக்கணும், வழக்கறிஞர் ஆகணும், ஒருநாள் நீதிபதி நாற்காலியில் உட்காரணும்னு ஆசைப்படுகிற பிள்ளைகள் நம்ம இயக்கத்தில் நிறைய பேர் இருக்காங்க. நல்ல ஆசைதான். அவங்களை மனசில் வைத்து இந்த முறை ஓர் அயர்லாந்துக்காரரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் ஜோன் ஃபில்பொட் கர்ரன். சுமார் 30 வருஷம் வழக்கறிஞராகவும், கடைசியில் 8 வருஷம் நீதிபதியாகவும் இருந்தவர். ஆனா அவர் இறந்து 200 வருஷம் தாண்டியும் அவர் பெயரைச் சொல்கிறவர்கள், அந்த 8 வருஷத்துக்காகச் சொல்வதில்லை. அவர் ராவும் பகலும் வாதாடி, கடைசியில் தோற்றுப்போன சில வழக்குகளுக்காகத்தான் சொல்கிறார்கள். தோற்ற வழக்கு எப்படி ஒருவருக்குப் பெருமை சேர்க்கும்? அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கர்ரன் பிறந்தது 1750 ஜூலை 24-ஆம் தேதி, கோர்க் மாவட்டத்தில் நியூமார்க்கெட் என்ற சின்ன ஊரில். அந்தக் கால அயர்லாந்து எப்படி இருந்தது என்று முதலில் தெரிஞ்சுக்கணும். நாட்டு மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஆனால் அதிகாரம் முழுவதும் சிறுபான்மையான புராட்டஸ்டண்டுகளின் கையில். கத்தோலிக்கருக்கு ஓட்டு கிடையாது, நாடாளுமன்றத்தில் இடம் கிடையாது. 1792 வரைக்கும் ஒரு கத்தோலிக்கர் வழக்கறிஞராகவே ஆக முடியாது. சொந்த மண்ணில், மதத்தின் பெயரால், இரண்டாம் தர மக்களாக வைக்கப்பட்டிருந்தார்கள்.

கர்ரன் புராட்டஸ்டண்ட். அதிகாரம் இருந்த பக்கத்தில் பிறந்தவர்தான். ஆனா காசு இல்லாத வீடு. அப்பா உள்ளூர் ஜமீன் நீதிமன்றத்தில் ஒரு சிறிய பதவியில் இருந்தார். பையனின் சூட்டிப்பைப் பார்த்த அந்த ஊர் பாதிரியார் நத்தானியல் பாய்ஸ் தானே அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, மிடில்டன் பள்ளியில் சேர்ந்து படிக்க வழி செய்தார். அங்கிருந்து டப்ளின் டிரினிட்டி கல்லூரி. கட்டணம் கட்ட வசதி இல்லாத மாணவர்களுக்கான இடத்தில்தான் அங்கே சேர்ந்தார். அப்புறம் லண்டன் மிடில் டெம்பிளில் சட்டப் படிப்பு. யாரோ ஒருவர் ஓர் ஏழைப் பையனைக் கவனித்துக் கைதூக்கி விட்டதால் வந்த படிப்பு இது. இதை மறந்துடாதீங்க.

இனிதான் முக்கியமான விஷயம். கர்ரனுக்குத் திக்குவாய். பள்ளியில் திக்குவாய் ஜாக் என்றே கூப்பிட்டார்கள். ஆள் குள்ளம், கறுத்த முகம், பார்க்க லட்சணமானவர் என்று யாரும் சொன்னதில்லை. லண்டனில் மாணவராக இருந்தபோது ஒரு விவாத மன்றத்தில் பேச எழுந்தார். தலைவரை விளித்ததோடு சரி, அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற பயம் நாக்கைக் கட்டிவிட்டது. உட்கார்ந்துவிட்டார். பிறகொரு கூட்டத்தில் எதிரே பேசியவர் அவரை ஊமைப் பேச்சாளர் என்று கேலி செய்ய, வந்த கோபத்தில் எழுந்து பொரிந்து தள்ளினார். அன்றைக்குத்தான் தன்னாலும் பேச முடியும் என்று அவருக்கே தெரிந்தது.

ஆனா ஒருநாள் கோபம் பேச்சாளரை உருவாக்காது. அதற்கப்புறம் அவர் செய்த வேலையைப் பாருங்க. தினமும் சத்தமாக, நிறுத்தி நிதானமாக வாசித்தார். கண்ணாடி முன் நின்று ஷேக்ஸ்பியரின் வரிகளைச் சொல்லிச் சொல்லிப் பழகினார். கை எங்கே போகிறது, முகம் எப்படி மாறுகிறது என்று தன்னைத்தானே கவனித்தார். இல்லாத வழக்குகளைக் கற்பனை செய்து அறைக்குள் தனியாக வாதாடினார். இளையோருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற வேலையில் நான் கொஞ்ச காலமாக இருக்கிறேன். மைக்கைப் பிடித்ததும் கை நடுங்கி, எனக்கு வராதுண்ணே என்று இறங்கிவிடும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கர்ரன்தான் ஞாபகம் வருவார். ஐரோப்பாவே வியந்த ஒரு குரல், ஒரு வார்த்தைகூட வராத தொண்டையிலிருந்து வந்தது.

1775-இல் அயர்லாந்தில் வழக்கறிஞராகப் பதிவானார். ஆரம்பத்தில் வருமானம் குறைவு. ரொபின்சன் என்ற ஒரு நீதிபதி, இவரிடம் சட்டப் புத்தகங்கள் கொஞ்சம்தான் இருக்கின்றன என்று கோர்ட்டிலேயே நக்கலடித்தார். பெயர் போடாமல் மட்டமான துண்டுப் புத்தகங்கள் எழுதுகிறவர் என்று அந்த நீதிபதிக்கு ஒரு பெயர் உண்டு. கர்ரன் பணிவான குரலில், மோசமான புத்தகங்களை நிறைய எழுதுவதைவிட நல்ல புத்தகங்கள் சிலவற்றைப் படிப்பது மேல் என்கிற கருத்தில் பதில் கொடுத்தார். ஏழையாக இருப்பதில் தனக்கு வெட்கமில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். நீதிபதி வாயை மூடிக்கொண்டார்.

அவரை நாடறிய வைத்த வழக்கு 1780-இல் கோர்க் நகரில் வந்தது. டொனரெய்ல் பிரபு அந்த வட்டாரத்தின் பெரும் நிலச்சுவான்தார். அவருக்கு ஓர் ஆசைநாயகி. அந்தப் பெண்ணின் அண்ணனை, தவறான உறவு வைத்திருந்ததற்காகக் கத்தோலிக்கச் சபை கண்டித்து விலக்கி வைத்திருந்தது. அந்தத் தண்டனையை நீக்கச் சொல்லி, நீல் என்ற வயதான கத்தோலிக்கப் பாதிரியாரிடம் பிரபு உத்தரவு போட்டார். ஆயரின் அனுமதி இல்லாமல் முடியாது என்றார் கிழவர். குதிரைச் சவுக்கால் அவரை அடித்துவிட்டார் பிரபு.

பாதிரியார் வழக்குப் போட நினைத்தார். ஆனால் பிரபுவை எதிர்த்து வாதாட ஒரு வழக்கறிஞர்கூட முன்வரவில்லை. ஜூரிகள் அத்தனை பேரும் புராட்டஸ்டண்டுகள். அடி வாங்கியவர் கத்தோலிக்கர். யாருக்குத் தைரியம் வரும்? கர்ரன் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தார். அவருக்கு வயது 30. குடும்பம் இருக்கிறது, தொழில் இன்னும் நிலைக்கவில்லை. நண்பர்கள் தடுத்தும் கேட்கவில்லை.

அவர் ஜூரிகளிடம் மதச் சண்டை பேசவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். உங்கள் மதம், அவர் மதம் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வயசானவரை, இறைவனுக்குத் தொண்டு செய்கிறவரை, அவருடைய கடமையைச் செய்ததற்காக அடித்தது சரியா என்று மட்டும் பார்க்க வைத்தார். அதே புராட்டஸ்டண்ட் ஜூரிகள் பாதிரியாருக்கு 30 கினி நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். தொகை சின்னதுதான். ஆனால் ஒரு பிரபுவின் கையிலிருந்து ஒரு கத்தோலிக்கப் பாதிரியாருக்கு அது போய்ச் சேர்ந்தது என்பது அன்றைக்கு யாரும் கேள்விப்படாத செய்தி.

அந்த வழக்கில் பிரபுவின் உறவினர் கேப்டன் செயின்ட் லெஜரைக் கர்ரன் கடுமையாகத் தாக்கிப் பேசியிருந்தார். அவர் சண்டைக்கு அழைத்தார். அந்தக் காலத்தில் மானப் பிரச்சினை என்றால் ஒத்தைக்கு ஒத்தை நின்று துப்பாக்கியால் சுட்டுக்கொள்வார்கள். கர்ரன் போய் நின்றார். கேப்டன் சுட்ட குண்டு படவில்லை. கர்ரன் திருப்பிச் சுடவே இல்லை. சில காலம் கழித்து நீல் பாதிரியார் மரணப் படுக்கையில் இருந்தபோது கர்ரனை வரவழைத்து ஆசீர்வாதம் செய்தார். வேறு சபையைச் சேர்ந்த ஒருவருக்கு ஒரு பாதிரியார் தந்த ஆசி அது. நாம் திருமுறை வகுப்பில் அறம் என்று படிப்பது எதுவோ, அது அந்தக் கட்டிலருகே நடந்தது என்று நான் நினைக்கிறேன். நம்ம ஆளுக்கு அநியாயம் நடந்தால் கொதிப்பது சுலபம். அடுத்தவர் கோயில் குருக்களுக்கு நடந்தால் கொதிக்கிறோமா என்பதில்தான் நம் பக்தியின் தரம் தெரியும்.

1782-இல் அரசரின் வழக்கறிஞர் என்ற சிறப்புத் தகுதி கிடைத்தது. அடுத்த வருஷம் அயர்லாந்து நாடாளுமன்றத்தில் உறுப்பினரானார். அங்கேதான் ஃபிட்ஸ்கிப்பன் என்பவரின் பகை வந்தது. அவர் அரசாங்கத்தின் தலைமைச் சட்ட அதிகாரி. 1785-இல் இருவரும் துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்கும் வரை போனது. இருவருக்கும் காயமில்லை, பகையும் ஆறவில்லை. 1789-இல் ஃபிட்ஸ்கிப்பன் லார்ட் சான்சலர் ஆனார். சொத்து வழக்குகள் நடக்கும் சான்சரி நீதிமன்றம் அவர் கைக்கு வந்தது. கர்ரன் பேசினால் அவர் காது கொடுத்துக் கேட்கமாட்டார் என்பது கட்சிக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. நல்ல வருமானம் தந்த வழக்குகள் எல்லாம் கைநழுவின. தனக்கு 30,000 பவுன் நஷ்டம் என்று கர்ரனே பின்னாளில் கணக்குச் சொன்னார். அந்தக் காலத்து 30,000 பவுன்! மன்னிப்புக் கேட்டு வளைந்து போயிருந்தால் மிச்சமாகியிருக்கும். அவர் போகவில்லை.

1790-களில் அயர்லாந்து கொதிக்க ஆரம்பித்தது. பிரெஞ்சுப் புரட்சியின் தாக்கத்தில், புராட்டஸ்டண்டுகளும் கத்தோலிக்கர்களும் சேர்ந்து ஐக்கிய அயர்லாந்தியர் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அரசாங்கம் ஒவ்வொருவராகப் பிடித்து உள்ளே தள்ளியது. அவர்களுக்காக வாதாடினால் அரசாங்கப் பதவி என்ற கனவை மறந்துவிட வேண்டியதுதான். கர்ரன் ஒருவர் பின் ஒருவராக அவர்கள் வழக்குகளை எடுத்தார்.

1794-இல் ஹாமில்டன் ரோவன் வழக்கு. எல்லா மதத்தவருக்கும் உரிமை கேட்ட ஓர் அறிக்கைக்காகத் தேச நிந்தனைக் குற்றச்சாட்டு. அந்த வழக்கில், பிரிட்டிஷ் மண்ணில் கால் வைத்த அந்த நிமிடமே ஓர் அடிமை எந்த நிறத்தவனாக இருந்தாலும் சுதந்திர மனிதனாகிறான் என்ற கருத்தைக் கர்ரன் அற்புதமாக எடுத்துரைத்தார். ஆனாலும் தோல்வி. ரோவனுக்கு 500 பவுன் அபராதம், 2 வருஷம் சிறை. ஆனால் அந்தப் பேச்சு சிறைக்குப் போகவில்லை. கடல் தாண்டி அமெரிக்காவில் அடிமைமுறையை எதிர்த்தவர்கள் அதை எடுத்து ஆண்டார்கள். 1852-இல் வெளிவந்த அங்கிள் டாம்ஸ் கேபின் நாவலின் ஓர் அத்தியாயத் தொடக்கத்தில்கூட அது இடம்பெற்றது.

1795-இல் வில்லியம் ஜாக்சன் வழக்கு. ராஜத் துரோகக் குற்றம். இங்கிலாந்தில் அந்தக் குற்றத்தை நிரூபிக்க இரண்டு சாட்சிகள் வேண்டும். அயர்லாந்தில் ஒரே ஒரு சாட்சி போதும் என்றது நடைமுறை. ஒரே அரசர், ஆனால் அயர்லாந்துக்காரனின் உயிருக்குப் பாதி பாதுகாப்புதானா என்ற கேள்வியைக் கர்ரன் எழுப்பினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. தண்டனை கேட்க நின்ற ஜாக்சன், முன்பே விஷம் சாப்பிட்டிருந்ததால் குற்றவாளிக் கூண்டிலேயே இறந்தார். இதுவும் தோல்விதான். ஆனா 1821-இல், கர்ரன் இறந்து 4 வருஷம் கழித்து, அயர்லாந்திலும் இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று சட்டம் வந்தது.

1798-இல் கிளர்ச்சி வெடித்தது. அந்த வருஷத் தொடக்கத்தில் பாட்ரிக் ஃபின்னி என்பவரின் வழக்கில் கர்ரன் ஜெயித்தார். காசுக்காகக் காட்டிக்கொடுக்கும் ஒரு சாட்சியைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுக் கிழித்தெறிந்து, ஃபின்னியை விடுதலை செய்ய வைத்தார். மற்றபடி அந்த வருஷம் முழுக்க இழப்புதான். ஜூலையில் ஷியர்ஸ் சகோதரர்கள் வழக்கு. இருவருமே வழக்கறிஞர்கள். காலையில் தொடங்கிய விசாரணை நள்ளிரவைத் தொட்டது. கர்ரனுக்கு நிற்கவே சக்தியில்லை. ஒத்திவைக்கக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். அந்தக் களைப்போடு நடுராத்திரியில் எழுந்து வாதாடினார். பொழுது விடிந்ததும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு, மறுநாள் தூக்கு. அதே மாதம் ஆலிவர் பாண்ட் வழக்கில், கோர்ட்டுக்குள் இருந்த ஆயுதம் தாங்கியவர்கள் அவர் பேச்சினிடையே ஆயுதங்களைத் தட்டி ஒலியெழுப்பினார்கள். அவர் அவர்கள் பக்கம் திரும்பி, மிரட்டலுக்குத் தான் அடங்கப் போவதில்லை என்பதைத் தெரிவித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நவம்பரில் வுல்ஃப் டோன். கிளர்ச்சித் தலைவர்களில் பெரியவர். ராணுவ நீதிமன்றம் அவருக்குத் தூக்குத் தண்டனை கொடுத்திருந்தது. பொது நீதிமன்றங்கள் திறந்திருக்கும்போது, ராணுவத்தில் இல்லாத ஒருவரை விசாரிக்க ராணுவத்துக்கு என்ன அதிகாரம் என்று கர்ரன் ஆட்கொணர்வு மனுவோடு ஓடினார். தலைமை நீதிபதி கில்வார்டன் பிரபு உடனே உத்தரவு போட்டார். ராணுவம் முதலில் பணியவில்லை. அதற்குள் டோன் சிறையில் தன் கழுத்தை அறுத்துக்கொண்ட செய்தி வந்தது. நவம்பர் 19-இல் அவர் இறந்தார். ஆளைக் கொண்டுவா என்ற உத்தரவு கையில் இருக்கிறது, கொண்டுவர ஆள் இல்லை.

இத்தனையும் தோற்றாரே, என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஒரு தரப்பு மட்டும் பேசி முடிவது விசாரணை ஆகாது. கர்ரன் எழுந்து நின்றதால், அரசாங்கம் தன் பலவீனமான சாட்சிகளை வெளிச்சத்தில் காட்ட வேண்டியிருந்தது. என்ன நடந்தது என்பது பதிவானது. சாகப் போகிறவனுக்கும், தனக்காக ஒருவர் பேசினார் என்ற ஆறுதல் கிடைத்தது. தீர்ப்பு அன்றைக்கு முடிந்துபோகும், வாதம் முடிந்துபோகாது.

இப்போது சொல்லப்போவது கசப்பான பகுதி. பெரியவர்களின் வாழ்க்கையைச் சொல்லும்போது கறையை மறைத்துச் சொல்வது எனக்குப் பிடிக்காது. கர்ரனின் வீட்டு வாழ்க்கை துக்கம் நிறைந்தது. 1792-இல் 12 வயது மகள் கெர்ட்ரூட் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தாள். மனைவி வேறொருவரோடு வீட்டை விட்டுப் போய்விட்டார். சபையில் எல்லோரையும் சிரிக்க வைத்த மனுஷன், தனிமையில் இருண்டு போவார்.

இன்னொரு மகள் சாரா. ரொபர்ட் எம்மெட் என்ற இளம் புரட்சியாளரை அப்பாவுக்குத் தெரியாமல் காதலித்தாள். 1803 ஜூலையில் எம்மெட் நடத்திய கிளர்ச்சி சில மணி நேரத்தில் அடங்கியது. அந்தக் கலவரத்தில் கும்பல் ஒன்று கில்வார்டன் பிரபுவைக் கொன்றுவிட்டது. வுல்ஃப் டோனுக்காக உத்தரவு போட்ட அதே நீதிபதி, கர்ரனின் நண்பர். எம்மெட் தப்பி ஓடாமல், சாரா இருந்த பக்கமே ஒளிந்திருந்து பிடிபட்டார். கடிதங்கள் சிக்கின. கர்ரனின் வீடு சோதனைக்கு உள்ளானது. எம்மெட்டுக்காக வாதாட ஒப்புக்கொண்டிருந்த கர்ரன், விஷயம் தெரிந்ததும் விலகிவிட்டார். செப்டம்பர் 20-ஆம் தேதி எம்மெட் தூக்கிலிடப்பட்டார்.

மகளைக் கர்ரன் மன்னிக்கவில்லை. அவள் வீட்டை விட்டு வெளியேறி, கோர்க்கில் ஒரு நல்ல குடும்பத்தின் ஆதரவில் இருந்தாள். பிறகு ஒரு ராணுவ அதிகாரியை மணந்தாள். 1808-இல், இருபதுகளின் நடுவிலேயே இறந்தாள். மகனென்றும் பாராமல் நீதி வழங்கிய மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லி யாராவது கர்ரனுக்கு வக்காலத்து வாங்கலாம். நான் வாங்கமாட்டேன். சோழன் தண்டித்தது ஓர் உயிர் போன குற்றத்துக்காக. சாரா யாரையும் கொல்லவில்லை, காதலித்தாள், அவ்வளவுதான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் எழுந்து நின்றவர், தன் பிள்ளை கூண்டில் நின்றபோது எதிர்த்தரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். வெளியே சேவை செய்கிற நாம் எல்லோரும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கணும்.

1806-இல் லண்டனில் ஆட்சி மாறியது. அவருடைய கட்சிக்காரர்கள் பதவிக்கு வந்தார்கள். கர்ரன் எதிர்பார்த்தது அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் பதவி. கொடுத்ததோ மாஸ்டர் ஆஃப் த ரோல்ஸ் என்ற நீதிபதிப் பதவி. கௌரவமானது, சம்பளம் நல்லது. ஆனால் வேலை என்ன தெரியுமா? ஃபிட்ஸ்கிப்பன் அவரைத் துரத்திய அதே சான்சரி நீதிமன்றத்தின் சொத்து, உயில், கணக்கு வழக்குகள். ஜூரி முன் நின்று இதயத்தை உருக்கிய மனிதருக்கு அந்த நாற்காலி பொருந்தவில்லை. மனசு ஒட்டாமலே 8 வருஷம் இருந்துவிட்டு 1814-இல் விலகினார். 1817 அக்டோபர் 14-ஆம் தேதி லண்டனில் காலமானார். வயது 67.

நாற்காலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல நீதிபதிகள் நமக்கு வேணும். ஆனா பட்டமும் பதவியும் வந்தபிறகு நல்லது செய்வோம் என்று காத்திருக்கிறவர்களுக்குக் கர்ரன் வாழ்க்கை ஒரு பதில். அவர் செய்ததெல்லாம் பதவி இல்லாதபோது செய்தது. திக்குகிற நாக்கு, பழைய கோட்டு, கொஞ்சம் புத்தகம், இவ்வளவுதான் கையில் இருந்தது.

லண்டனில் புதைக்கப்பட்டிருந்த அவருடைய உடலை 1837-இல் அயர்லாந்துக்குக் கொண்டுவந்து, டப்ளினில் உள்ள கிளாஸ்னெவின் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். அந்த இடுகாட்டைத் தொடங்கியவர் டேனியல் ஓ'கோனல். கத்தோலிக்கர்கள் தங்கள் முறைப்படி சடங்கு செய்து தங்களவரைப் புதைக்கக்கூடத் தடை இருந்த நாட்டில், எல்லா மதத்தவருக்கும் மதம் இல்லாதவருக்கும் இடம் தரும் மண்ணாக 1832-இல் அதைத் திறந்தார். புராட்டஸ்டண்டான கர்ரன் அங்கேதான், சுற்றிலும் கத்தோலிக்கர்களோடு, ஒரு பெரிய கல் பேழைக்குக் கீழே இருக்கிறார். சவுக்கடி வாங்கிய ஒரு கிழவருக்காக 30 வயதில் எழுந்து நின்றவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.